பிக் புளூஸ்டெம் புல் மட்டுமே மண்டிய பிரெய்ரியில் பூஞ்செடிகளை மீண்டும் கொண்டுவருவது எப்படி?

வடக்குவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடக்கு இல்லினாயில், ராக் ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி, மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விளையும் வயல்களுக்கு நடுவில் பன்னிரண்டு ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறோம். ஜான் டியர் 1837-ல் தன் எஃகுக் கலப்பையை உருவாக்கிய கிராண்ட் டிடூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. பிரெய்ரி என்னும் இயற்கைப் புல்வெளியை முடித்துவைத்த கலப்பை பிறந்த பகுதியிலேயே பிரெய்ரியை வளர்க்க முயல்கிறோம் என்று வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

முந்தைய உரிமையாளர் இந்த நிலத்தைச் சி.ஆர்.பி. என்னும் அரசின் நிலக் காப்புத் திட்டத்தில் சேர்த்து, பயிர் செய்வதை நிறுத்திவிட்டுப் பிரெய்ரிப் புல் விதைத்திருந்தார். அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. தொலைவிலிருந்து பார்த்தால் நிலத்தின் அழகுக்குக் குறைவில்லை. ஆகஸ்டில் பிக் புளூஸ்டெம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. செப்டம்பர் கடைசியில் எல்லாம் செம்பு நிறமாகிவிடுகிறது. உள்ளே இறங்கி நடந்தால்தான் குறை தெரிகிறது. பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், இடையிடையே ஸ்விட்ச் கிராஸ், பூஞ்செடி என்றால் ஓரத்தில் கோல்டன்ராட், அங்கொன்றும் இங்கொன்றுமாக மொனார்டா, அவ்வளவுதான்.

எங்கள் எல்லையை ஒட்டிச் செல்லும் ரயில் பாதையின் ஓரத்தில் கலப்பை படாத குறுகிய துண்டு நிலம் ஒன்று மிச்சமிருக்கிறது. அங்கே காம்பஸ் செடியின் ஆழக் கிழிந்த பெரிய இலைகள் விளிம்பை வடக்கும் தெற்குமாகத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. அதன் காலடியில் லெட்பிளான்ட், பிரெய்ரி ஃப்ளாக்ஸ், முழங்கால் உயர லிட்டில் புளூஸ்டெம், எனக்குப் பெயர் தெரியாத சில கோரைகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. புல் இருக்கிறது, ஆனால் அது எதையும் அமுக்கவில்லை. அதே மண்ணில், அதே மழையில், பத்தடி தள்ளி எங்கள் பக்கத்தில் மட்டும் ஏன் இப்படி?

முந்தைய உரிமையாளர் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில் முழு நிலத்தையும் எரித்து வந்தார். அதையே தொடரும்படி சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் அழித்து உழுது புதிதாக விதைப்பதா, அல்லது இருக்கும் புல்லுக்குள்ளேயே பூஞ்செடிகளைச் சேர்ப்பதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கான்சாஸ் கதிரேசன் எழுதியது:

உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது, ஐயா. ஆண்டுதோறும் தீ, அதுவும் ஏப்ரல் கடைசியில், முழு நிலத்துக்கும், மேய்ச்சல் என்பதே இல்லாமல்: பிக் புளூஸ்டெம்முக்கு இதைவிட வேறு வரம் தேவையில்லை. வெயில்காலப் புல்லான அது தாமதமாகத்தான் துளிர்க்கும். நீங்கள் தீ வைக்கும் நேரத்தில், அதற்கு முன்பே முளைவிட்ட பூஞ்செடிகளும் குளிர்காலக் கோரைகளும் கருகிப் போகின்றன. சருகு நீங்கிக் கறுத்த மண் விரைவாகச் சூடேறுகிறது. அப்போது எழும் பிக் புளூஸ்டெம்முக்கு வெளிச்சத்திலும் சூட்டிலும் போட்டியே இருப்பதில்லை.

இது என் ஊகம் அன்று. கான்சாஸில் உள்ள மன்ஹாட்டன் நகருக்கு அருகில் கோன்சா பிரெய்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. 1971-ல் தொடங்கப்பட்டது; பரப்பு 3,487 ஹெக்டேர். அதை நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றை ஆண்டுதோறும், சிலவற்றை இரண்டு, நான்கு, இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை என்று எரித்து வருகிறார்கள். மேய்ச்சல் இல்லாமல் ஆண்டுதோறும் வசந்தத்தில் எரித்த பகுதிகளில் உயர்ந்த புற்கள் ஓங்கிப் பூஞ்செடிகள் குறைந்தன. எரிக்காமல் விட்ட பகுதிகளில் ரெட் சீடர் மரமும் டாக்வுட் புதரும் ஏறிக்கொண்டன. ஆகவே தீ தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தீயை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டதுதான் சிக்கல்.

அந்த மற்றது, பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமை. கோன்சாவில் 1987-ல் பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெரும்பாலும் புல்லையே தின்று பூஞ்செடிகளைத் தொடாமல் விடுகின்றன. மண்ணில் புரண்டு குழிகள் உண்டாக்குகின்றன. சிறுநீரால் மண்ணுக்குத் திட்டுத்திட்டாகச் சத்துச் சேர்க்கின்றன. ஏறத்தாழ முப்பது ஆண்டுத் தரவை வைத்து 2022-ல் வெளியான ஆய்வில், பைசன் மேய்ந்த நிலத்தில் நாட்டுச் செடிவகைகள் சுமார் இரு மடங்காகியிருந்தன. மாடு மேய்ந்த நிலத்திலும் கூடின, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. மேய்ச்சல் இயலாத இடங்களில் அரிந்து எடுப்பதும் புல்லின் ஆதிக்கத்தைக் குறைக்கிறது என்று அங்கேயே முன்பு காட்டியிருக்கிறார்கள்.

உங்கள் ரயில் பாதை ஓரம் எப்படித் தப்பியது என்பதற்கு இதில் முழு விடை இல்லை. கலப்பை படாத மண் என்பதே ஒரு தனிச் சொத்து. அதை மாலதி அம்மா என்னைவிட நன்றாக விளக்குவார்.

மாலதி மேடிசன் எழுதியது:

தயவுசெய்து உழ வேண்டாம். உழுதால் மண்ணில் உறங்கிக் கிடக்கும் களை விதைகள் அனைத்தையும் நீங்களே எழுப்பிவிடுவீர்கள். இருக்கும் புல்வேரின் ஆழமும் போய்விடும்.

கலப்பை படாத மண்ணைப் பற்றிக் கதிரேசன் ஐயா குறிப்பிட்டதற்கு வருகிறேன். இங்கே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்போரீட்டம் என்னும் தாவரத் தோட்டத்தில் உள்ள கர்ட்டிஸ் பிரெய்ரிதான் இந்த வேலைக்கெல்லாம் மூத்தது. பழைய பண்ணை நிலம் அது. 1930-களின் நடுவில், பொருளாதார வீழ்ச்சிக் காலத்து அரசு வேலைத் திட்டமான சி.சி.சி.யின் தொழிலாளர்களைக் கொண்டு, மிச்சமிருந்த இயற்கைப் பிரெய்ரிகளிலிருந்து புல்தரைத் துண்டுகளையும் விதைகளையும் கொண்டுவந்து நட்டார்கள். ஆல்டோ லியோபோல்ட், நார்மன் ஃபாசெட், தியோடர் ஸ்பெரி ஆகியோர் அதன் தொடக்கத்தில் இருந்தவர்கள். கென்டக்கி புளூகிராஸ் என்னும் அயல் புல்லை எப்படி ஒழிப்பது என்று தெரியாமல் தவித்தபோது, 1940-களில் ஜான் கர்ட்டிஸ் எரித்துப் பார்த்த சோதனைகள்தான் தீயை ஒரு மேலாண்மைக் கருவியாக ஆக்கின. அன்றைக்கு இது துணிச்சலான காரியம். காட்டுத்தீ என்றாலே அணைக்க வேண்டியது என்ற காலம் அது.

எண்பது ஆண்டுகளைக் கடந்தும் அந்தப் பிரெய்ரி இயற்கையாக மிஞ்சிய ஒன்றுக்கு ஈடாகிவிட்டது என்று அங்கே வேலை செய்பவர்கள் யாரும் சொல்வதில்லை. சில பகுதிகள் மிக அருமையாக இருக்கின்றன. ஆனால் நெடுஞ்சாலையும் புறநகரும் தள்ளிவிடும் மழைநீர் புகும் தாழ்வான பகுதிகளில் ரீட் கேனரி கிராஸ் அடர்ந்து, வேறெதையும் விடாமல் நிற்கிறது. உங்களைத் தளர வைக்க இதைச் சொல்லவில்லை. பத்தடி தள்ளி இருக்கும் அந்தத் துண்டு நிலம் உங்கள் பன்னிரண்டு ஏக்கரைவிட மதிப்புமிக்கது. முதலில் அதைக் காப்பாற்றுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இல்லினாயில் ஒரு காலத்தில் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் இப்படிப்பட்ட ரயில் பாதை ஓரங்களிலும் பழைய இடுகாடுகளிலும்தான்.

ரயில் நிர்வாகத்தின் ஒப்பந்தக்காரர் களைக்கொல்லி தெளிக்க வருவதற்கு முன்பு எழுத்துமூலம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பிராணி எழுதியது:

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். நான் தாவரவியல் அறியாதவன். புல்லை வளர்த்து ஆண்டுதோறும் கொளுத்துவதற்குப் பதிலாக, அந்தப் பன்னிரண்டு ஏக்கரில் மரம் நட்டால் கரியமில வாயுவும் குறையும், நிழலும் கிடைக்குமே? இல்லினாயில் மரம் வளரப் போதிய மழை பெய்யத்தானே செய்கிறது?

மாலதி மேடிசன் எழுதியது:

மழை பெய்கிறது, மரமும் வளரும். அதனால்தான் தீயின் பங்கு பெரிது. மேற்கே கொலராடோ பக்கம் வறட்சியே புல்வெளியைக் காக்கிறது. இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காத்தது தீ. அந்தத் தீயில் பெரும்பகுதி பொட்டவட்டோமி, ஹோ-சங்க் போன்ற பழங்குடி மக்கள் தெரிந்தே வைத்தது. அவர்களை அப்புறப்படுத்திய பிறகு, உழாமல் விட்ட இடங்களிலெல்லாம் புதரும் மரமும் ஏறின.

கரியமில வாயுவைப் பொறுத்தவரை, எரிவது அந்த ஆண்டின் காய்ந்த தட்டை. அடுத்த பருவத்தில் வளரும் புல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு மண்ணுக்குள் இருக்கிறது. மத்திய மேற்கின் கருப்பு மண் முழுவதும் அந்த வேர்கள் மட்கி உண்டானதுதான். பர் ஓக் மரங்களைத் தள்ளித் தள்ளி நட்டு அடியில் புல் விடுவது இப்பகுதிக்கு இயல்பானதே, அதற்கு யாரும் எதிரியல்லர். இருக்கும் பிரெய்ரியை மரத்தோப்பாக்குவதுதான் தவறு.

அயோவா அன்பு எழுதியது:

வடக்குவாசல் அவர்களுக்கு, செய்முறைக்கு வருகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஏற்கெனவே உள்ள புல்லுக்குள் விதைப்பது. இதில் பலர் தோற்பதற்குக் காரணம் விதையன்று, வெளிச்சம். தூவிய விதை முளைக்கத்தான் செய்கிறது; ஜூன் மாதத்தில் பிக் புளூஸ்டெம் மேலே மூடிக்கொண்டதும் நாற்று இருட்டில் செத்துவிடுகிறது.

ஆகவே வரிசை இப்படி. ஒரு பகுதியை மட்டும் இலையுதிர் காலத்திலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ எரித்து மண்ணை வெளிக்காட்டுங்கள். இலையுதிர் காலத்தில் எரித்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம். மண் உறைந்து உருகி உறைந்து உருகி விதையைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். லெட்பிளான்ட், காம்பஸ் செடி, பேப்டீசியா முதலியவற்றின் விதைகள் பெரும்பாலும் ஈரக் குளிரில் கிடந்த பிறகே முளைக்கும் என்பதால் பனிக்கால விதைப்பே சிறந்தது. விதைக் கலவையில் உயர்ந்த புல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடைக்காரர் மலிவு என்று சேர்த்துத் தருவார், கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

முதல் கோடை முழுவதும் புல்லை நான்கு முதல் ஆறு அங்குல உயரத்தில் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். புல் ஓரடிக்கு மேல் ஏறுவதற்குள் டிராக்டரை எடுக்க வேண்டும். அழகாக வளரும் பிக் புளூஸ்டெம்மை ஜூலையில் மொட்டையடிக்கக் கை கூசும். அக்கம்பக்கத்தாரும் ஏன் என்று கேட்பார்கள். சீடர் ஃபால்ஸில் உள்ள வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தின் பிரெய்ரி மையத்தார், புல் மட்டுமே மண்டிய பழைய நடவில் இதைச் சோதித்து, அடிக்கடி வெட்டிய பாத்திகளில் பூஞ்செடிகள் கூடுதலாக நிலைத்ததைக் காட்டியிருக்கிறார்கள். நாற்றுகள் தரையோடு இருப்பதால் கத்தி அவற்றைத் தொடாது. இரண்டாம் ஆண்டில் ஓரிரு முறை வெட்டினால் போதும். காம்பஸ் செடி பூக்கப் பல ஆண்டுகள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் நிலம் சோள வயலுக்குக் கீழ்ச்சரிவில் இருக்கிறதா? அப்படியானால் உர நீர் இறங்கி நைட்ரஜன் சேரும். அது புல்லுக்கும் ரீட் கேனரிக்கும்தான் உதவும். பக்கத்து விவசாயியிடம் பிரெய்ரிப் பட்டைகளைப் பற்றிப் பேசிப் பாருங்கள். நீல் ஸ்மித் வனவிலங்குக் காப்பிடத்தில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் நடத்திய சோதனையில், வயலின் பத்தில் ஒரு பங்கைப் பிரெய்ரிப் பட்டையாக மாற்றியபோது அடித்துச் செல்லப்படும் மண் 95 விழுக்காடு குறைந்தது. 2018 வேளாண் சட்டத்துக்குப் பிறகு இதற்குச் சி.ஆர்.பி.யிலேயே பணம் உண்டு. வெறும் அறிவுரையைவிட அது அவரிடம் எடுபடும்.

பழனிமலைச்சாரல் எழுதியது:

கொடைக்கானலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் மலைப் புல்வெளிகளில் சீகை என்னும் வாட்டில் மரங்களை வெட்டிய இடங்களில், மண்ணில் பல்லாண்டுகளாகக் கிடந்த சீகை விதைகள் ஒரே நேரத்தில் முளைத்துப் புல்லை மூடிவிடுகின்றன. தீ பட்டால் இன்னும் அதிகமாக முளைக்கின்றன. தீயே கருவியான பிரெய்ரியில் தீயால் முளைக்கும் களை உண்டா, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கான்சாஸ் கதிரேசன் எழுதியது:

உண்டு, ஐயா. ஸ்வீட் குளோவர் என்னும் ஈராண்டுச் செடி. அதுவும் சீகையைப் போல அவரைக் குடும்பம்தான், கடினமான விதைத்தோல், மண்ணில் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஒரு வசந்தத் தீ அதை எழுப்பிவிடும். ஆனால் அந்தத் தீயையே அதற்கு எதிராகவும் திருப்பலாம்: முதல் தீயில் முளைத்தது மறு ஆண்டில்தான் பூக்கும் என்பதால், அந்த மறு ஆண்டின் வசந்தக் கடைசியில், அது தளிர்த்து உயரும் நேரத்தில் மீண்டும் எரித்தால் விதை வைப்பதற்குள் முடிந்துவிடும். தப்பியதைப் பூக்கும்போது கையால் பிடுங்க வேண்டும். சீகை பல்லாண்டு மரம் என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எழுப்பிவிட்டுப் பிறகு நாற்றாகப் பிடுங்குவது என்ற பகுதி மட்டும் உங்களுக்கு உதவலாம்.

எங்கள் பக்கம் இதைவிடப் பெரிய தலைவலி செரீசியா லெஸ்பிடீசா. அதற்கு ஏப்ரல் தீ எதுவும் செய்வதில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் எரித்தால்தான் விதை உற்பத்தி அடங்குகிறது.

மாலதி மேடிசன் எழுதியது:

தீயின் காலத்தையும் இடைவெளியையும் பற்றி ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். இங்கே எல்லோரும் செடியை மட்டும் வைத்துப் பேசுகிறோம். ரீகல் ஃப்ரிட்டிலரி பட்டாம்பூச்சியின் புழு, முட்டையிலிருந்து வெளிவந்ததும் ஒன்றும் தின்னாமல், குண்டூசித் தலையளவு உடம்போடு சருகுக்கடியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. முழு நிலத்தையும் எரித்தால் அந்த ஆண்டு அங்கே அதன் கதை முடிந்தது. பன்னிரண்டு ஏக்கர் தீவைச் சுற்றிலும் சோளம் இருக்கும்போது, திரும்பி வந்து குடியேற அதற்கு வேறு இடமும் கிடையாது. ஹென்ஸ்லோ சிட்டுக்குருவிக்கும் நிற்கும் பழைய சருகு வேண்டும். ஆகவே எந்த ஆண்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிக்கக் கூடாது. நான்கில் ஒன்று என்றாலும் எனக்குச் சம்மதமே.

கான்சாஸ் கதிரேசன் எழுதியது:

மூன்றில் ஒன்று என்பதை ஏற்கிறேன். நான்கில் ஒன்றை ஏற்க மாட்டேன். கோன்சாவில் நான்காண்டுக்கு ஒரு முறை எரித்த நிலங்களே புதர்க்காடாக மாறிவிட்டன. ஒரு முறை டாக்வுட் திட்டு உருவானால் அதன் அடியில் புல் இருக்காது, புல் இல்லாவிட்டால் தீயும் உள்ளே நுழையாது.

அதற்காக எங்கள் ஃபிளின்ட் ஹில்ஸ் பண்ணையாளர்களை முன்மாதிரியாகக் காட்டவும் இல்லை. சுண்ணாம்புக்கல்லும் சக்கிமுக்கிக் கல்லும் கலந்த மேலோட்டமான மண் கலப்பைக்கு இடம் கொடுக்காததால் மிஞ்சிய பிரெய்ரி அது. அதில் பல இடங்களில் மாடு கொழுப்பதற்காக ஆண்டுதோறும் ஏப்ரலில் முழுவதும் எரிக்கிறார்கள். புகை கான்சாஸ் சிட்டி வரை போகிறது. 2010-ல் அதற்கென்றே ஒரு புகை மேலாண்மைத் திட்டம் போட வேண்டியதாயிற்று. மறைவிடம் இல்லாமல் பிரெய்ரிக் கோழியும் குறைகிறது.

மாலதி மேடிசன் எழுதியது:

உங்கள் டாக்வுட் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரவியது. பன்னிரண்டு ஏக்கரில் பக்தார்ன் புதரையும் டாக்வுட்டையும் ஒரு கத்தரியும் அடிமரத்தில் பூச மருந்தும் கொண்டு ஒரு குடும்பமே அடக்கிவிடலாம். தீ செய்ய வேண்டிய வேலை, கை செய்யக்கூடிய வேலை இரண்டும் நிலத்தின் அளவைப் பொறுத்து மாறும். இதில் நாம் இருவரும் உடன்படப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

வடக்குவாசல் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நிலத்தை மூன்றாகப் பிரித்து, ரயில் பாதையை ஒட்டிய பங்கை இந்த இலையுதிர் காலத்தில் முதலில் எரிப்பதாக முடிவு செய்திருக்கிறோம். ரயில் நிலத்தில் விதை சேகரிக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்தாலும் ஒரு செடியின் விதையில் பாதிக்கு மேல் எடுக்கப் போவதில்லை. மற்ற விதைகளை இந்த வட்டாரத்திலேயே விளைந்தவையாகப் பார்த்து வாங்குவோம். நாங்கள் இருக்கும் பகுதிக்கு அருகில் நச்சூசா புல்வெளி இருக்கிறது. சுமார் 4,000 ஏக்கர். 2014-ல் அங்கே பைசன் வந்தது. அங்கே தன்னார்வலர்கள் கையால் சேகரித்த விதையை எவ்வளவு அடர்த்தியாகப் போடுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகு, நாங்கள் கணக்கிட்டிருந்த விதையளவு கொசுறுதான் என்று தெரிந்தது. ஆகவே மூன்றில் ஒரு பங்கிலும் பாதியில் மட்டும் முதலில் விதைக்கிறோம்.

இரண்டு கேள்விகள் மிச்சம். அந்தத் துண்டு நிலத்துக்குள் தீ புகாமல் காப்பது எப்படி? நச்சூசாவில் ஒருவர் குறிப்பிட்ட வுட் பெட்டனி என்னும் ஒட்டுண்ணிச் செடியைப் போடலாமா?

கான்சாஸ் கதிரேசன் எழுதியது:

துண்டு நிலத்தின் ஓரத்தில் பத்தடிக்குக் குறையாத அகலத்தில் புல்லைத் தரையோடு வெட்டி, வெட்டிய தட்டையை வாரி எடுத்துவிடுங்கள். வாராமல் விட்டால் அது புகைந்துகொண்டே போய் மறுபக்கம் பற்றும். காற்று அந்தத் துண்டிலிருந்து உங்கள் நிலத்தை நோக்கி அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். முதலில் எதிர்ப்புற ஓரத்தில், அதாவது காற்று போய்ச் சேரும் பக்கத்தில் தீ வையுங்கள். அப்போது ரயில் பக்கத்தை நோக்கி எதிர்காற்றில் ஊர்ந்து எரியும் தீதான் வரும், முழங்கால் உயரச் சுவாலை, ஈரக்கோணியால் அணைக்கலாம். ஆனால் அது எரித்த கறுப்புப் பட்டை கண்ணுக்குப் போதுமான அகலமாகும் வரை மற்ற பக்கங்களில் டிரிப் டார்ச் என்னும் தீ வைக்கும் கருவியைச் சாய்க்காதீர்கள். காய்ந்த பிக் புளூஸ்டெம்மில் காற்றோடு ஓடும் தீ வீட்டுக்கூரை உயரத்துக்கு எழும். மாநிலச் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி, தீயணைப்பு நிலையத்துக்கு முன்தகவல், அக்கம்பக்கத்தாருக்குத் தொலைபேசி ஆகியவற்றோடு, முதல் முறை பயிற்சி பெற்ற குழுவை வைத்தே செய்யுங்கள்.

அயோவா அன்பு எழுதியது:

வுட் பெட்டனியைத் தாராளமாகப் போடலாம். அது இப்பகுதியின் நாட்டுச் செடிதான். புல்லின் வேரிலிருந்து உறிஞ்சுவதால் அது பரவிய வட்டத்தில் பிக் புளூஸ்டெம் குட்டையாகி, மற்றச் செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. பழைய விதை வேண்டாம். அந்த ஆண்டு விளைந்ததை அதே இலையுதிர் காலத்தில், எரித்த தரையில், புல்தூர்களுக்கு நெருக்கமாகக் கையால் தேய்த்து விடுங்கள். மண்ணால் மூட வேண்டாம். நிலம் முழுவதும் தூவுவதைவிட நான்கைந்து இடங்களில் அடர்த்தியாகப் போட்டுக் கம்பு நட்டு வைப்பது நல்லது. நாற்று மிகச் சிறியது, பெரணியிலை போன்ற இலையைத் தரையோடு தரையாக வைத்திருக்கும், அடையாளம் இல்லாவிட்டால் பிறகு கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கம்புகளைச் சுற்றி மட்டும் டிராக்டர் சக்கரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.